தண்ணீரில் கழன்ற செல்லோ

1963 ஜூலையில் மொன்டெவிடியோவிலிருந்து பியூனஸ் அயர்ஸுக்குக் கிளம்பிய கப்பல் ஒன்று, லா பிளாட்டா முகத்துவாரத்தில் விபத்துக்குள்ளாகித் தீப்பிடித்தது. அதில் இருந்த இத்தாலிய இசைக்கலைஞர் அமதேயோ பால்டோவினோ தப்பித்துவிட்டார். வயலின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய தந்தி வாத்தியமான அவருடைய செல்லோ தண்ணீருக்குள் போனது. 1711-இல் கிரெமோனாவில் அந்தோனியோ ஸ்ட்ராடிவாரி செய்த, ‘மாரா’ என்று பெயர்பெற்ற செல்லோ அது. பெட்டி பிற்பாடு கிடைத்தபோது உள்ளே இருந்தவை தனித்தனிப் பலகைகள்தான். லண்டனில் ஹில் அண்ட் சன்ஸ் பட்டறை அவற்றைச் சேர்த்து மறுபடி செல்லோவாக்கியது.

இது சாத்தியமானதற்குக் காரணம் பசை. செல்லோவையும் வயலினையும் ஒட்டுவது, நம் தச்சர்கள் முன்பு காய்ச்சிய அதே வச்சிரம். விலங்குத் தோலில் உள்ள கொலாஜன் புரதத்தை வெந்நீரில் கரைத்து எடுப்பது. ஏறக்குறைய 60 டிகிரி சூட்டில் தடவினால் ஆறும்போது கூழாக இறுகும், காயும்போது சுருங்கி இரு பலகைகளையும் இழுத்துப் பிடிக்கும். ஈரம் புகுந்தாலோ புரதச் சங்கிலிகளுக்கு இடையிலான பிடி தளர்ந்துவிடும். அதனால் மரம் உப்பும்போது பலகை கிழிவதற்கு முன்பே ஒட்டு விட்டுக்கொடுக்கிறது. நீரில் கரையாத எப்பாக்ஸி என்ற செயற்கைப் பசையைப் போட்டிருந்தால் சேதம் பெரும்பாலும் மரத்துக்குத்தான். பழுது பார்ப்பவர்கள் இன்றும் வச்சிரத்தை விடாததற்குக் காரணம் வெறும் பழமைப்பற்று இல்லை.

நனைந்த பலகையை அவசரப்பட்டு உலர்த்தக் கூடாது. மரம் நீளவாக்கில் அநேகமாகச் சுருங்காது. குறுக்குவாக்கில் நன்றாகவே சுருங்கும். மேற்பரப்பு முதலில் காய்ந்து உட்புறம் ஈரமாக நின்றால், அந்த இழுபறியே வெடிப்பாகிவிடும். வளைவு கெட்டுப்போன பலகைக்கு, சரியான வளைவில் பிளாஸ்டர் அச்சு ஒன்று வார்த்து, லேசாக ஈரப்படுத்தி, சூடான மணல் பைகளை வைத்து அழுத்திப் பழைய உருவத்துக்குக் கொண்டுவருவார்கள்.

அப்புறம் வெடிப்புகள். முகப்புப் பலகை ஸ்ப்ரூஸ் மரம். விறகு பிளப்பதுபோல ரேகையோடு சுலபமாகப் பிளக்கும். புதுப் பிளவு என்றால் இரு விளிம்புகளும் இழைக்கு இழை பொருந்தும். அழுக்கை நீக்கி, வச்சிரம் விட்டு, கிளாம்ப் போட்டால் போதும். உட்புறம் ரேகைக்குக் குறுக்காகச் சின்னச் சின்ன ஸ்ப்ரூஸ் துண்டுகளை ஒட்டுவார்கள். துண்டு தடிமனாக இருந்தால் அதன் ஓரத்திலேயே அடுத்த வெடிப்பு கிளம்பும்.

எல்லாவற்றிலும் மோசமானது, உள்ளே முகப்பையும் முதுகையும் தாங்கி நிற்கும் குச்சிக்கு நேர்மேலே விழும் வெடிப்பு. செல்லோவின் நான்கு தந்திகளிலும் சேர்த்து 50 கிலோவுக்கு மேல் இழுவிசை இருக்கிறது. அதில் கணிசமான பங்கை, தந்திகளை முகப்பின் மேல் தாங்கும் ‘குதிரை’ என்ற மரத்துண்டு கீழ்நோக்கி அழுத்த, குச்சி மேல்நோக்கி எதிர்த்து நிற்கிறது. வெறும் ஒட்டு அங்கே நிலைக்காது. உட்புறத்திலிருந்து பழைய மரத்தை நீள்வட்டமாகச் சுரண்டி எடுத்து, புது ஸ்ப்ரூஸை ரேகை பார்த்துப் பதிக்க வேண்டும். குழியில் சாக்குக்கட்டியைத் தேய்த்து, துண்டை வைத்து அழுத்தி, வெள்ளை ஒட்டிய மேடுகளை மட்டும் சீவுவார்கள். துண்டு முழுக்க ஒரே சீராக வெள்ளை படியும்வரை இதே வேலை; நாள் கணக்கில் போகும். இடைவெளி விட்டுவிட்டு வச்சிரத்தால் நிரப்பலாம் என்றால் நடக்காது, கனமாக விட்ட வச்சிரம் காய்ந்ததும் நொறுங்கும்.

வார்னிஷை வெடித்த கோட்டில் மட்டும் தொட்டு நிறம் சேர்ப்பதோடு சரி. பழைய வார்னிஷின் மேல் பூசுவது இந்தத் தொழிலில் பெரிய பாவம். கடைசியாகக் குச்சியை நிறுத்தி, தந்திகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கேற்றுவார்கள். ‘மாரா’ அதற்குப் பிறகும் கச்சேரி மேடைகளில் வாசிக்கப்பட்டு வருகிறது.