ஓடிய வண்டி நிற்க, நின்ற வேலி ஓடிய கணக்கு

ஃபிலிம் காலத்து மோட்டார் சைக்கிள் பந்தயப் படங்களைப் பார்த்த வாசகர் ஒருவர் நல்லதொரு கேள்வியை அனுப்பியிருக்கிறார். வண்டியின் எண் பலகையும் வீரரின் கையுறைத் தையலும் துல்லியமாகத் தெரிய, பின்னாலுள்ள வேலியும் மரங்களும் மட்டும் கிடைக்கோடுகளாகக் கரைந்திருப்பது ஏன் என்றும், கேமராவில் நொடியில் 1000இல் ஒரு பங்கு ஷட்டர் வேகம் இருந்தபோதும் ஆர்வலர்கள் அதை விட்டுவிட்டு 125இல் ஒரு பங்கை வைத்தது ஏன் என்றும் அவர் கேட்கிறார்.

முதலில் எளிய கணக்கைப் போட்டுவிடுவோம். மணிக்கு 180 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் வண்டி நொடிக்கு 50 மீட்டர் கடக்கிறது. சாலையிலிருந்து 20 மீட்டர் தள்ளி, 135 மில்லிமீட்டர் லென்ஸுடன் நிற்பவரின் எதிரே அது குறுக்காகப் பாயும்போது, அதன் பிம்பம் ஃபிலிமின் மேல் நொடிக்கு ஏறக்குறைய 340 மில்லிமீட்டர் வேகத்தில் நகரும். ஷட்டர் 1000இல் ஒரு பங்கு நொடியே திறந்திருந்தாலும், அதற்குள் பிம்பம் 0.34 மில்லிமீட்டர் இழுபட்டுவிடும். 35 மில்லிமீட்டர் ஃபிலிமில் மங்கல் 0.03 மில்லிமீட்டருக்குள் அடங்கினால்தான் படம் தெளிவாகத் தோன்றும் என்பது வழக்கமான அளவுகோல். அதைப் பத்து மடங்குக்கும் மேல் மீறிவிட்டோம். அசையாத கேமராவால் இந்த வண்டியை உறைய வைக்க 11,000இல் ஒரு பங்கு நொடி தேவைப்படும். 1960களில் ஓர் ஆர்வலர் வாங்கக்கூடிய கேமராவில் அப்படி ஒரு வேகம் கிடையாது.

ஆகவே அவர்கள் கேமராவையே வண்டியோடு சேர்த்துத் திருப்பினார்கள். பேனிங் எனப்படும் இம்முறையில் பிம்பம் ஃபிலிமின் ஒரே இடத்தில் நிற்கும், உலகம்தான் நகரும். 125இல் ஒரு பங்கு நொடியில் வேலியின் பிம்பம் 2.7 மில்லிமீட்டர் நீளக் கோடாகிவிடும். அதே நேரத்தில் கேமரா திரும்பும் வேகம் வண்டியின் கோண வேகத்தோடு நூற்றில் ஒரு பங்கு பிழைக்குள் ஒத்துப்போனால், வண்டியின் மங்கல் 0.027 மில்லிமீட்டர்தான். அளவுகோலுக்குள் வந்துவிட்டோம். ஆனால் நூற்றில் ஒரு பங்கு பிழைக்குள் தன் உடலைத் திருப்ப ஒரு மனிதரால் எப்படி முடிகிறது? இந்த விந்தையைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

வண்டி நேர்கோட்டில் சீரான வேகத்தில் வந்தாலும், அதைத் தொடரும் நம் பார்வைக் கோடு சீராகத் திரும்புவதில்லை. வண்டி நமக்கு நேர் எதிரே வரும் திசையைச் சுழியக் கோணம் என்று வைத்துக்கொள்வோம். அந்தத் திசையிலிருந்து 60 பாகை தள்ளி வண்டி வந்துகொண்டிருக்கும்போது அது இருமடங்கு தொலைவில் இருக்கிறது. அதன் வேகத்திலும் பாதிதான் நமக்குக் குறுக்காக அமைகிறது. பாதியில் பாதி, அதாவது உச்சக் கோண வேகத்தின் கால் பங்கு. 45 பாகைக்கு வரும்போது அது அரைப் பங்காகும். நேர் எதிரே வரும்போது முழு உச்சத்தை, நம் எடுத்துக்காட்டில் நொடிக்கு 143 பாகையை, எட்டும். அந்த உச்சம்தான் மிகக் கடினமான கணம் என்று யாருக்கும் தோன்றும். உண்மை நேர்மாறானது. ஊஞ்சல் அடிப்புள்ளியைக் கடக்கும்போது அதன் வேகம் உச்சத்தில் இருந்தாலும், வேகம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை. அதுபோல, வண்டி நேர் எதிரே இருக்கும் கணத்தில் கோண வேகத்தின் மாற்றம் சுழியம். கையும் இடுப்பும் அதுவரை பிடித்த வேகத்தை அப்படியே வைத்திருந்தால் போதும்.

மாற்றம் மிகக் கூடுதலாக இருப்பது 30 பாகையில். அங்கே ஷட்டர் திறந்திருக்கும் 125இல் ஒரு பங்கு நொடிக்குள்ளேயே கோண வேகம் ஏறக்குறைய 1.7 விழுக்காடு கூடிவிடுகிறது. அந்த இடத்திலிருந்து நேர் எதிர்ப்புள்ளிக்கு வர வண்டிக்கு 0.23 நொடி ஆகும். ஒன்றைக் கண்டு விரலை அசைக்க மனிதருக்கு ஆகும் நேரமும் ஏறத்தாழ அதுவேதான். பின்தொடர்வது மிகக் கடினமாக இருக்கும் இடத்தில் முடிவெடுத்தால்தான், மிக எளிதாக இருக்கும் இடத்தில் ஷட்டர் திறக்கும்! சிலரது படங்கள் மட்டும் எப்போதும் தெளிவாக விழுவதைப் பார்த்து "கைராசி" என்று சொல்லும் வழக்கம் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கோணங்களின் கணக்கு யார் கையிலும் ஒன்றுதான். பலமுறை செய்து பார்த்தவரின் உடல் அதைத் தெரிந்து வைத்திருக்கிறது, அவ்வளவே.

அந்த உடலறிவு நிற்கும் நிலையிலேயே தொடங்குகிறது. பாதங்களை வண்டி வரும் பக்கம் நோக்கி வைக்காமல், படம் எடுக்கப்போகும் இடத்தை நோக்கி ஊன்றி, இடுப்பை மட்டும் முறுக்கிக் காத்திருக்க வேண்டும். முறுக்கு அவிழ்ந்து உடல் தளர்வாக இருக்கும் நிலையில் ஷட்டர் விழும். விழுந்த பிறகும் திருப்பத்தை நிறுத்தக் கூடாது. லென்ஸ் வழியே வரும் காட்சியைக் கண்ணாடி மூலம் பார்க்கும் எஸ்.எல்.ஆர். கேமராவில் அந்தக் கண்ணாடி மேலெழுந்து வியூஃபைண்டர் இருண்டுவிடுவதால், படத்தில் பதியும் கணத்தை மட்டும் எடுத்தவர் பார்ப்பதே இல்லை. இரட்டை லென்ஸ் கேமராக்களின் தேய்த்த கண்ணாடித் திரையில் இடமும் வலமும் மாறித் தெரிந்ததால் வண்டி வலப்புறம் ஓட, பிம்பம் இடப்புறம் ஓடியது. அதற்காகவே மூடியில் நேரே பார்க்கும் சட்டம் ஒன்று வைத்திருந்தார்கள்.

குறைந்த ஷட்டர் வேகம் இன்னோர் உதவியும் செய்தது. ஒளி கூடுதல் நேரம் விழுவதால் லென்ஸின் துளையைச் சிறிதாக்கலாம், துளை சிறிதானால் தெளிவாக விழும் தொலைவின் அகலம் கூடும். 64 ஏ.எஸ்.ஏ. ஒளியுணர்வுள்ள வண்ண ஃபிலிமில், நல்ல வெயிலில், 125இல் ஒரு பங்கு நொடிக்கு எஃப் 11 துளை பொருந்தும். அந்தத் துளையில் 20 மீட்டரில் குவித்த 135 மில்லிமீட்டர் லென்ஸ், ஏறக்குறைய 15 முதல் 31 மீட்டர் வரை தெளிவு தரும். தானே குவியும் லென்ஸ் இல்லாத காலத்தில், சாலையில் ஒரு தார்க்கறையைப் பார்த்துக் குவித்துவிட்டு அதை மறந்துவிட இந்த அகலம் போதுமானது.

மறுமுயற்சிதான் அரிதாக இருந்தது. பிரிட்டனுக்கு அருகிலுள்ள ஐல் ஆஃப் மேன் தீவின் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில், 60 கிலோமீட்டர் நீளமுள்ள மலைச்சாலைச் சுற்றில், மணிக்கு 100 மைல் சராசரியைத் தாண்டிய முதல் சுற்றை 1957இல் பந்தய வீரர் பாப் மெக்கின்டயர் ஓட்டினார். அந்த வேகத்தில் போனவரும் அதே வேலியோரத்துக்குத் திரும்பி வர 22 நிமிடங்களுக்கு மேல் ஆகும். ஒரு சுருளில் 36 படங்கள். கழுவிப் பார்க்கும்வரை எது தேறியது என்று தெரியாது.

அப்படித் தேறிய நெகட்டிவ் ஒன்றை விளக்குப் பலகையில் வைத்து உருப்பெருக்கியால் பாருங்கள். அருகிலுள்ள வேலிக்கம்பும் தொலைவிலுள்ள மரமும் ஒரே நீளத்துக்கு இழுபட்டிருக்கும். கேமரா நகராமல் திரும்ப மட்டுமே செய்ததால், அசையாத எல்லாவற்றுக்கும் ஒரே கோணம்தான். அந்தக் கோட்டின் நீளத்தை, இரு சக்கர அச்சுகளுக்கு இடையிலுள்ள தொலைவோடு ஒப்பிடுங்கள். கோடு 2.7 மில்லிமீட்டர், அச்சுத் தொலைவு 9.45 மில்லிமீட்டர் என்றால் விகிதம் ஏழில் இரண்டு. உண்மை அச்சுத் தொலைவு 1.4 மீட்டராக இருந்தால், ஷட்டர் திறந்திருந்தபோது வண்டி 40 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கிறது. 125ஆல் பெருக்கினால் நொடிக்கு 50 மீட்டர். லென்ஸும் வேண்டாம், தொலைவும் வேண்டாம். காகிதத்தில் பெரிதாக்கி எடுத்த படத்திலும் விகிதம் மாறாது.

இவ்வளவையும் சுமந்திருக்கும் நெகட்டிவ்கள் வீட்டுப் பெட்டிகளில் அழிந்துகொண்டிருக்கின்றன என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. அசிட்டேட் ஃபிலிம் ஈரத்தில் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை வெளியிடும். அந்த அமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். பெட்டியைத் திறந்ததும் வரும் வினிகர் வாடை அதுதான். புகழ்பெற்றவர்களின் சேகரிப்புக்குக் கிடைக்கும் பொதுப்பணத்தில் ஒரு சிறு பகுதியாவது பெயர் அறியப்படாத ஆர்வலர்களின் சுருள்களைக் குளிர்ந்த, உலர்ந்த அறைகளில் காக்கச் செலவிடப்பட வேண்டும்.

ஏனெனில் சக்கரத்திலும் ஒரு பதிவு இருக்கிறது. பேனிங் செய்த படத்தில் சக்கரத்தின் அச்சு நிற்கிறது, ஆரக்கம்பிகள் மட்டும் பனிபோல் கரைகின்றன. டயரின் வெளிவிளிம்பில் ஒரு வெள்ளைத் தீற்றல் இருந்தால் அது வில்லாகப் பதியும். வழுக்காமல் உருளும் சக்கரத்தின் விளிம்பு, அதே நேரத்தில் வண்டி கடக்கும் தொலைவையே கடப்பதால், 2 மீட்டர் சுற்றளவுள்ள டயரில் அந்த வில் ஐந்தில் ஒரு சுற்று, அதாவது அதே 40 சென்டிமீட்டர். படத்தில் வில்லின் நீளமும் வேலிக்கோட்டின் நீளமும் சமமாக இருக்கும். ஷட்டர் வேகத்தைக் கூட அறிய வேண்டியதில்லை. முன்சக்கரத்தின் வில் வேலிக்கோட்டோடு ஒத்திருக்க, பின்சக்கரத்தின் வில் மட்டும் கணிசமாக நீண்டிருந்தால், அந்தக் கணத்தில் பின் டயர் பிடிப்பை இழந்து வெறுமனே சுழன்றுகொண்டிருந்தது என்று பொருள்.