ஹேண்டில்பாருக்கு வந்து சேரும் 5 வோல்ட்

மோட்டார் சைக்கிளில் பொருத்தும் சில சார்ஜர்களில் யூஎஸ்பி துளைக்குப் பக்கத்திலேயே சிறிய வோல்ட்மீட்டர் ஒன்றும் இருக்கும். அதைக் கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: சாவியைத் திருப்பியதும் 12.6 என்று காட்டிய எண், ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்திய கணத்தில் 10 வரை சரிந்து, என்ஜின் ஓடத் தொடங்கியதும் 14-ஐத் தாண்டி ஏறிவிடுகிறது. 12 வோல்ட் என்று நாம் சொல்லிப் பழகிய மின்னழுத்தம் உண்மையில் ஓரிடத்தில் நிற்பதே இல்லை. கைப்பேசியோ சாதாரண யூஎஸ்பி வழியில் 5 வோல்ட்டை மட்டுமே எதிர்பார்க்கிறது.

இந்த இடைவெளியை நிரப்பும் மிக எளிய வழி, வேண்டாத வோல்ட்டுகளை வெப்பமாக்கி வெளியே தள்ளிவிடுவதுதான். ஆனால் 14 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட்டுக்கு இறக்கி 2 ஆம்பியர் கொடுக்க வேண்டுமானால், மீதமுள்ள 9 வோல்ட்டும் அதே 2 ஆம்பியரும் சேர்ந்து 18 வாட் வெப்பமாகும். அது ஒரு சிறிய சால்டரிங் அயனின் சூடு. கட்டைவிரல் அளவுள்ள பிளாஸ்டிக் கூட்டுக்குள் அதை அடைத்துவைக்க முடியாது. எனவே இத்தகைய சார்ஜர்களில் இருப்பது, மின்சாரத்தை வேகமாக விட்டு விட்டுத் தரும் சுற்று. உள்ளே சுவிட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முதல் பல லட்சம் தடவை வரை திறந்து மூடுகிறது. திறந்திருக்கும், அதாவது மின்சாரத்தை உள்ளே விடும் நேரத்தில் ஒரு கம்பிச்சுருள் தன் காந்தப்புலத்தில் ஆற்றலைச் சேமிக்கிறது. மூடிய நேரத்தில் அதே சுருள் சேமித்ததைத் திருப்பித் தந்து மின்னோட்டம் அறுந்துபோகாமல் காக்கிறது. எஞ்சியிருக்கும் ஏற்ற இறக்கத்தை மின்தேக்கி சமன்செய்கிறது. உள்ளே வருவது 14 வோல்ட் என்றால் மொத்த நேரத்தில் ஏறத்தாழ 36 சதவீதமும், 10 வோல்ட் என்றால் பாதியும் டிரான்சிஸ்டர் திறந்திருந்தால் சராசரி 5 வோல்ட்டில் வந்து நிற்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் பேட்டரியைக் கீழே இழுக்கும்போது, இந்த விகிதத்தைச் சுற்று தானாகவே கூட்டிக்கொள்கிறது. இழப்பு மிகக் குறைவு என்பதால், கைப்பேசிக்கு 10 வாட் கொடுக்க பேட்டரிப் பக்கத்திலிருந்து 1 ஆம்பியருக்கும் குறைவாகவே போகிறது. எவ்வளவு மின்னோட்டம் எடுப்பது என்பதைத் தீர்மானிப்பது கைப்பேசிதான். சார்ஜர் தன்னால் தர முடிந்த உச்ச அளவை அறிவிப்பதோடு சரி.

அந்த 10 வாட் எங்கிருந்து வருகிறது? என்ஜினின் கிராங்க் தண்டோடு சுழலும் நிலைக்காந்தங்கள், பக்கத்தில் அசையாமல் இருக்கும் ஸ்டேட்டர் என்ற அமைப்பின் சுருள்களில் மாறுமின்னோட்டத்தைத் தூண்டுகின்றன. ரெக்டிஃபையர் அதை நேர்மின்னோட்டமாக்க, ரெகுலேட்டர் 14 வோல்ட்டை ஒட்டிக் கட்டுப்படுத்துகிறது. பல வண்டிகளில் உள்ள ரெகுலேட்டர், தேவைக்கு மிஞ்சிய மின்னோட்டத்தைக் குறுக்கே திருப்பிவிட்டு வெப்பமாக்கிவிடும் வகையைச் சேர்ந்தது. ஆகவே ஓடும் வண்டியில் கைப்பேசிக்குப் போகும் ஆற்றல் பெரும்பாலும் வீணாகப் போயிருக்க வேண்டியதுதான். அதற்காக எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது என்று கவலைப்பட வேண்டியதில்லை. கவலைப்பட வேண்டியது, என்ஜின் மெதுவாக ஓடும் நேரத்தைப் பற்றித்தான். சிறிய வண்டிகளின் ஸ்டேட்டர் 100 முதல் 200 வாட் வரை தருவது வேகமாகச் சுழலும்போது மட்டுமே. நின்ற இடத்தில் ஓடும்போது விளக்கையும் எரிபொருள் பம்பையும் சமாளிக்கவே அது திணறும். கைப்பேசியை இது தாங்கும். டயருக்குக் காற்றடிக்கும் பம்பையோ சூடேறும் உடையையோ 12 வோல்ட் சாக்கெட்டில் செருகினால், நூறு வாட்டை ஒட்டிய சுமை நேராகப் பேட்டரியின் தலையில் விழும்.

சார்ஜரைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையில் பாதியையாவது வயரிங்கில் காட்டுவது நல்லது என்பது என் கருத்து. ஃபியூஸ் சார்ஜரைக் காப்பதற்காக வைக்கப்படுகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது காப்பது வயரை. அதிர்வில் உராய்ந்து உராய்ந்து ஓரிடத்தில் தோல் உரிந்த பாசிட்டிவ் வயர், பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு இணைந்திருக்கும் சேஸியை (வண்டியின் உலோகச் சட்டத்தை) தொட்டுவிட்டால், பேட்டரி நூறு ஆம்பியருக்கும் மேல் கொட்டக்கூடும். மெல்லிய வயர் சில நொடிகளில் பழுத்துச் சிவந்துவிடும், அதுவும் பெட்ரோல் டேங்குக்கு அடியில். ஃபியூஸுக்கும் பேட்டரிக்கும் நடுவே உள்ள வயருக்கு எந்தக் காப்பும் இல்லை என்பதால், பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் அமைய வேண்டும். ஃபியூஸின் அளவு, அந்த வயர் தாங்கும் மின்னோட்டத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும்.

சாவியை எடுத்ததும் சார்ஜரும் அணைய வேண்டுமானால் ரிலே வேண்டும். பின்விளக்கு போன்ற, சாவிக்குக் கட்டுப்பட்ட ஒரு வயரிலிருந்து ரிலேயின் சுருளுக்கு மிகச் சிறிய மின்னோட்டம் போகிறது. அது காந்தமாகி இழுக்கும் தொடுமுனை வழியாகப் பெரிய மின்னோட்டம் பேட்டரியிலிருந்து நேரே சார்ஜருக்குப் போகிறது. இக்னிஷன் சுவிட்சின் மேல் புதிய சுமை ஏறுவதில்லை.

இணைப்புகளில் நான் மிகவும் நம்பாதது, வயரைக் கடித்துப் பிடிக்கும் கிளிப். அது உள்ளிழைகளில் சிலவற்றை அறுத்துவிடுகிறது. எஞ்சிய இழைகள் அதிர்வில் ஒவ்வொன்றாக முறிகின்றன. மழைநீர் உள்ளே இறங்குகிறது. ஓராண்டு கழித்து அதைத் திறந்தால், செம்பு இருந்த இடத்தில் பச்சைத் தூள்தான் இருக்கும். நேர்மின்னோட்டம் ஈரத்தின் வழியே கசியும்போது பாசிட்டிவ் பக்க உலோகம் கரைந்துகொண்டே போவதால் அரிப்பு இன்னும் வேகமாகிறது. யூஎஸ்பி துளையின் மூடி தண்ணீரைத் தடுப்பது மூடியிருக்கும்போதுதான். கேபிள் செருகியிருக்கையில் அந்தக் காப்பு இல்லை. சிகரெட் பற்றவைக்கப் பிறந்த அகன்ற சாக்கெட்டும் வெறும் வில்லின் பிடியை நம்பியிருப்பதால் குலுங்கும் வண்டியில் எளிதில் தளர்ந்துவிடும். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள குறுகிய ‘டின்’ (DIN என்ற ஜெர்மன் தரநிலை) வகை சாக்கெட் இதைவிட இறுக்கமாகப் பிடிக்கும்.

வேலை முடிந்தபின் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி, முனைக்கும் வயருக்கும் நடுவே மல்டிமீட்டரை மின்னோட்ட அளவீட்டில் இணைக்க வேண்டும். கைப்பேசி எதுவும் செருகாத சார்ஜர்கூட, ரிலே இல்லாத நேரடி இணைப்பில் 10 மில்லிஆம்பியர் குடித்துக்கொண்டிருக்கலாம். அது நாளொன்றுக்கு 0.24 ஆம்பியர்-மணி. அதாவது, 5 ஆம்பியர்-மணி பேட்டரியின் பாதி பத்தே நாளில் காலியாகிவிடும். ரிலே சரியாக வேலை செய்தால், சார்ஜர் பொருத்துமுன் காட்டிய எண்ணே இப்போதும் தெரியும். மீட்டர் இணைப்பில் இருக்கும்போது மட்டும் ஸ்டார்ட்டரைத் தொட்டுவிடக் கூடாது. தொட்டால் முதலில் போவது மீட்டரின் ஃபியூஸ்தான்.