நக்கிள் பின்னுக்குப் பதில் போல்ட் போடுகிறீர்களா?

இரண்டு ராடுகளை இணைத்து இழுவிசையைக் கடத்த, பொதுவாக மூன்று ஜாயிண்ட்கள் உண்டு: காட்டர் (சரிவான ஆப்பை அடித்து இறுக்குவது), நக்கிள் (பின் போட்டுக் கோப்பது), டர்ன்பக்கிள் (இரு முனையிலும் மரையில் திருகி இறுக்குவது). பராமரிப்பு வேலையில் என்னிடம் அதிகம் வருவது நக்கிள்தான். ராடே அறுந்து வருவது அபூர்வம். அதில் கோத்த பின்தான் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் வளைந்திருக்கும்.

நக்கிளில் ஒரு ராடின் முனையில் கவை, மற்றதில் துளை போட்ட கண். இரண்டையும் கோத்து நிற்பதுதான் பின்; அது நழுவாமல் காலரும் (வளையம்) ஸ்பிளிட் பின்னும் (இரு காலை விரித்து மடக்கும் சின்னக் கம்பி) பிடித்துக்கொள்ளும். பின் தொலைந்துவிட்டால் கைக்குக் கிடைத்த போல்ட்டைச் செருகி நட்டு முடுக்கிவிடுகிறார்கள். 20 மி.மீ. போல்ட்டின் வழவழப்பான தண்டுக்குப் பரப்பு 314 ச.மி.மீ.; வழக்கமான 2.5 மி.மீ. மரை வெட்டிய பகுதியில் அது சுமார் 245தான். கவையும் கண்ணும் சேரும் இடத்தில், அதாவது வெட்டு விசை விழும் இடத்திலேயே மரை உட்கார்ந்தால் பலம் அவ்வளவு போச்சு. போதாததற்கு மரை அரம் மாதிரி துளையை அராவும். துளை பெரிதானால் ஆட்டம், ஆட்டம் வந்தால் அடி. அவசரத்துக்குப் போல்ட்தான் என்றால், மரையில்லாத தண்டு கவையின் இரு பக்கத்தையும் தாண்டி நிற்கிறதா என்றாவது பாருங்கள்.

சத்தம் போடுகிறது என்று பின்னை வெல்டு வைப்பவர்களும் உண்டு. ஒரு தளத்தில் திரும்பத்தான் அந்த ஜாயிண்டே! திரும்ப விடாவிட்டால் ராடு வளையும், பிறகு கண்ணின் கழுத்தில் விரிசல் விழும்.

துளையோர விரிசல் சின்ன விஷயமில்லை. அமெரிக்காவில் ஓஹையோ ஆற்றின் மேல் இருந்த சில்வர் பாலம், கண் வைத்த எஃகுப் பட்டைகளைப் பின் போட்டுக் கோத்த சங்கிலியில் தொங்கியது. 1967 டிசம்பர் 15 அன்று இடிந்து விழுந்ததில் 46 பேர் இறந்தார்கள். காரணம், ஒரு பட்டையின் கண்ணில் சுமார் 2.5 மி.மீ. ஆழத்தில் இருந்த விரிசல். ஜாயிண்டைப் பிரிக்காமல் அதைப் பார்த்திருக்கவே முடியாது. அதனால் பின்னைக் கழற்றும்போதெல்லாம் துளையைத் துடைத்து டை பெனட்ரன்ட் (விரிசலைக் காட்டிக்கொடுக்கும் சாயம்) அடித்துப் பார்த்துவிடுங்கள்.

காட்டரில் வேறு தொல்லை. சரிவு 24-க்கு 1-ஐவிடச் செங்குத்தானால் அதிர்வில் தளரும். தேயத் தேய அடித்து இறக்கிக்கொண்டே போனால் துளையில் விட்ட இடைவெளி தீர்ந்துவிடும். அதன்பின் எவ்வளவு அடித்தாலும் இறுகாது, ஆனால் இறுகின மாதிரியே சத்தம் கேட்கும். டர்ன்பக்கிளில், ராடின் விட்டமளவுக்காவது மரை உள்ளே போயிருக்கிறதா என்று நடு இடைவெளி வழியாகப் பார்த்தால் தெரியும்.

அப்புறம், கழற்றிய ஸ்பிளிட் பின்னை நிமிர்த்தி மறுபடி போடாதீர்கள். புதுசு சில ரூபாய்தான்.