லைம்: எலுமிச்சைக்குச் சம்பந்தமில்லாத நோய்

அல்சூரில் எங்கள் எதிர்வீட்டு மாமா, கனெக்டிகட்டில் மகன் வீட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தார். கூடவே ஒரு மருத்துவ ஃபைலும் வந்தது. அதில் 'லைம்' என்று பார்த்த மாமி, அன்றே ஊறுகாய் ஜாடியைப் பரணில் ஏற்றிவிட்டார். "ஏன்ப்பா, எலுமிச்சம்பழத்துல கூடவா வியாதி வரும்?"

மாமியைக் குறை சொல்ல முடியாது. பெங்களூரில் லைம் என்றால் லைம் சோடாதான். ஆனால் நோயின் லைம் ஓர் ஊர்ப்பெயர். கனெக்டிகட்டில் லைம், ஓல்டு லைம் என்று பக்கத்துப் பக்கத்து ஊர்கள். 1975 வாக்கில் அங்கே பல பிள்ளைகளுக்கு மூட்டு வீங்கியது. பாலி மர்ரே என்ற தாய் விடாமல் கேட்டதால்தான் யேல் பல்கலைக்கழக மருத்துவர் ஆலன் ஸ்டீர் ஆராய வந்தார். 1981இல் வில்லி பர்க்டார்ஃபர் என்ற ஆய்வாளர், நோய்க்குக் காரணமான சுருள் வடிவ பாக்டீரியாவை உண்ணியின் குடலில் கண்டார். அதற்கு அவர் பெயரே நிலைத்தது: பொரேலியா பர்க்டார்ஃபெரி.

இதைப் பரப்பும் உண்ணிப் பேரினம் இக்ஸோடெஸ். கிரேக்கத்தில் 'இக்ஸோஸ்' என்றால் புல்லுருவி. அதன் பழத்திலிருந்து எடுத்த, பறவை பிடிக்கும் பிசினும் அதுவே. ஒட்டிக்கொள்வதால் அவர்கள் வைத்த பெயர். நாமோ தின்பதை வைத்து உண்ணி என்றோம். கன்னடக்காரர்களும் உண்ணெ என்கிறார்கள். ஒட்டுவதையும் உண்பதையும் சேர்த்து 'ஒட்டுண்ணி' என்ற சொல்லும் நம்மிடம் இருக்கிறது. எனக்கு இதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

சரி, நோய்க்குத் தமிழில் என்ன? 'உண்ணிக்காய்ச்சல்' என்றால் குழப்பம். ஸ்கிரப் டைபஸுக்கு அந்தப் பெயரைப் பத்திரிகைகள் கொடுத்துவிட்டன, அதைப் பரப்புவது உண்ணி அல்ல, சிற்றுண்ணியின் (மைட்) இளம்புழு என்றாலும். ஊர்ப்பெயரை மொழிபெயர்க்கவும் வேண்டாம். சிவமொக்கா பக்கம் 1957இல் தெரியவந்த உண்ணி வழி வைரஸ் நோயை கியாசனூர் காட்டு நோய் என்றுதானே சொல்கிறோம்? அதுபோல 'லைம் உண்ணிநோய்' போதும். ஊரும் இருக்கிறது, காரணமும் இருக்கிறது.

மாமாவைக் கடித்தது கசகசா அளவுள்ள இளம் உண்ணி. முழங்காலுக்குப் பின்னால் இருந்ததால் கண்ணில் படவில்லை. அப்புறம் நாளாக ஆக விரியும் செந்தடிப்பு வந்தது. நடுவில் வெளிறி, வளையம் போல. எல்லோருக்கும் இப்படி வளையமாக வராது. முதல் சில வாரங்களில் ரத்தப் பரிசோதனையும் ஏமாற்றலாம். தடிப்பைப் பார்த்தே டாக்டர் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார். ஆரம்பத்திலேயே கொடுத்தால் பெரும்பாலோர் தேறிவிடுகிறார்கள். விட்டால் மூட்டு, நரம்பு, இதயம் வரை போகும். 1998இல் அமெரிக்காவில் வந்த தடுப்பூசி, விற்பனை குறைந்து 2002இல் நின்றுபோனது.

உண்ணி ஒட்டியிருந்தால் தீக்குச்சி, மண்ணெண்ணெய் எல்லாம் வேண்டாம். மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல் நேராக இழுக்க வேண்டும். நோய் தொற்றப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் அது ஒட்டியிருக்க வேண்டும், அதனால் சீக்கிரம் எடுப்பது நல்லது.

மாமியிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "உண்ணி கடிச்சு வந்தது மாமி" என்றேன்.

"அதை முதல்லயே சொல்லக்கூடாதா?" என்று ஸ்டூலைத் தேடிப் போனார்.