டோசிஸ்: இமை விழுமா, தொய்யுமா?

பெரியம்மா மகள் போன மாதம் ஒரு ஒப்புதல் படிவத்தைப் படமெடுத்து அனுப்பியிருந்தாள். இரண்டு புருவங்களுக்கும் நடுவே நெடுக்காக விழுந்திருக்கும் கோடுகளைப் போக்க ஊசி போட்டுக்கொள்ளப் போகிறாள். அதற்கு முன்னால் கையெழுத்து வாங்குகிற தாள் அது, ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியது. பக்க விளைவுகளில் நான்காவது வரி: “கண் இமை விழுதல்.” கூடவே ஒரு குரல்பதிவு. “ஏண்டி, இமையெல்லாம் கொட்டிப் போயிடுமா? மறுபடி முளைக்குமா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தப்பு அக்காமேல் இல்லை. இமை என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது ஓரத்தில் இருக்கும் முடிதான். முடி என்று எடுத்துக்கொண்டால் விழுவதற்கு உதிர்வது என்றுதானே பொருள்? அவள் சொன்ன ‘கொட்டுதல்’ இன்னும் குழப்பம். கண் கொட்டாமல் பார்த்தான் என்றால் இமைக்காமல் பார்த்தான் என்று அர்த்தம்; முடி கொட்டுது என்றால் அது வேறு கதை. ஆங்கிலப் படிவத்தில் அந்த இடத்தில் இருந்த சொல் டோசிஸ். அது முடியைப் பற்றியதே அல்ல. மேலிமை, அதாவது கண்ணை மூடும் தோல் மடல், இருக்க வேண்டிய உயரத்தில் நிற்காமல் கீழே இறங்கிக் கிடப்பதைத்தான் அது சொல்கிறது.

சொல் கிரேக்கத்திலிருந்து வந்தது. விழுவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்த பெயர். கிரேக்கர் முதலெழுத்தையும் சேர்த்து ‘ப்டோசிஸ்’ என்றார்கள். ஆங்கிலம் பகரத்தை எழுத்தில் வைத்துக்கொண்டு ஒலியில் விட்டுவிட்டது. கண் மருத்துவமனைகளில் நம் காதில் விழுவது டோசிஸ்தான். முழுப்பெயர் பிளெஃபரோடோசிஸ், பிளெஃபரான் என்றால் இமை. சிறுநீரகம் இறங்கினாலும் மார்பு தளர்ந்து இறங்கினாலும் மருத்துவத்தில் டோசிஸ் உண்டு. ஆனால் முன்னால் எதுவும் ஒட்டாமல் தனியாகச் சொன்னால் அது இமையைத்தான் குறிக்கும். நோயின் அறிகுறியைச் சொல்லும் சிம்ப்டம் என்ற சொல்லும் இதே வேரில் வந்ததுதான். ‘கூடவே வந்து விழுவது’ என்பது அதன் பழைய பொருள்.

இதே சொல்லைக் கிரேக்க இலக்கணக்காரர்கள் வேற்றுமைக்கும் பெயராக வைத்தார்கள். பெயர்ச்சொல் நேராக நிற்கிறது, உருபு ஏற்கும்போது சாய்ந்து விழுகிறது என்பது அவர்கள் பார்வை. லத்தீன்காரர்கள் அதை அப்படியே பெயர்த்துக் ‘காசுஸ்’ என்றார்கள். ஆங்கிலத்தின் கேஸ் அங்கிருந்து வந்தது. நாமோ முதல் வேற்றுமைக்கு எழுவாய் என்று பெயர் வைத்திருக்கிறோம். அவர்கள் விழுவதைப் பார்த்த இடத்தில் நாம் எழுவதைப் பார்த்திருக்கிறோம். சரி, இமைக்கு வருவோம்.

நேராகப் பார்க்கும்போது மேலிமை கருவிழியின் உச்சியை ஒன்று இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மூடியிருக்கும். அதற்கும் கீழே இறங்கினால் டோசிஸ். இமையைத் தூக்கிப் பிடிப்பது இரண்டு தசைகள். பெரிய வேலையைச் செய்வது லெவேட்டர். அதன் அடியில் முல்லர் என்ற சின்னத் தசை ஓரிரு மில்லிமீட்டர் கூடுதலாகத் தூக்கிக் கொடுக்கும். லெவேட்டருக்கு நரம்பிலிருந்து உத்தரவு வராவிட்டால் இமை இறங்கிவிடும்.

உத்தரவை நிறுத்துவதுதான் அக்கா போட்டுக்கொள்ளப்போகும் ஊசியின் தொழிலே. அந்த ஊசி மருந்துக்குப் போடாக்ஸ் என்று பெயர்; பாட்டுலினம், டாக்ஸின் (நஞ்சு) என்ற இரண்டையும் வெட்டி ஒட்டியது. பாட்டுலஸ் என்றால் லத்தீனில் தொத்திறைச்சி. 1820-களின் தொடக்கத்தில் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில், கெட்டுப்போன தொத்திறைச்சி தின்று நஞ்சேறியவர்களை யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர் கவனித்து எழுதினார். அவர் கவிஞரும்கூட. இமை இறங்குவது அவர் குறித்த அடையாளங்களில் ஒன்று. இந்த நஞ்சையே சிறிய அளவில் மருந்தாக்கலாம் என்று அப்போதே சொல்லிவைத்தவரும் அவர்தான். நஞ்சைச் சுரக்கும் நுண்ணுயிரியை 1895-ல் பெல்ஜியத்தில் வான் எர்மெங்கெம் பிடித்தார். அந்த முறை குற்றவாளி தொத்திறைச்சி இல்லை, ஒரு இறுதிச் சடங்கில் பரிமாறிய பன்றித்தொடை. இருந்தாலும் பெயர் தொத்திறைச்சிக்கே போயிற்று.

ஆக, இமை இறங்குவது இந்த மருந்துக்கு ஒட்டாத ஏதோ ஒரு கோளாறு அல்ல. தசைக்கு உத்தரவைக் கொண்டுபோகும் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் நரம்பு முனையில் வெளிவருவதை மருந்து தடுக்கிறது. தசை சுருங்காமல் கிடக்கிறது. புருவத்தை நெரிக்கும் தசையில் அது நடந்தால் சுருக்கம் போகும். லெவேட்டரில் நடந்தால் டோசிஸ். வேலை ஒன்றுதான், இடம்தான் தப்பு. முகத்தில் அரைவிரல் தூரத்துக்கும் கணக்கு உண்டு. அதனால்தான் புருவ எலும்பின் மேல்விளிம்பிலிருந்து குறைந்தது 1 செ.மீ. மேலே தள்ளி ஊசி போடச் சொல்கிறார்கள். கீழே போட்டால் மருந்து கண்குழியின் சவ்வைத் தாண்டி லெவேட்டரைத் தொட வாய்ப்பு அதிகம். புருவ நெரிப்புக் கோடுகளுக்கு 2002-ல் அமெரிக்கா அனுமதி கொடுத்தபோது ஆதாரமாக இருந்த ஆய்வுகளில், மருந்து போட்டவர்களில் நூற்றுக்கு 3 பேருக்கு இமை இறங்கியது.

இந்த ஊசி முதலில் அழகுக்காக வந்ததும் அல்ல. சான் பிரான்சிஸ்கோவில் ஆலன் ஸ்காட் என்ற கண் மருத்துவர் மாறுகண்ணைச் சரிசெய்ய இதைப் பழக்கினார். 1989-ல் மாறுகண்ணுக்கும் இமை இழுப்புக்கும் அனுமதி கிடைத்தது. முகவாதத்தில் கண் மூடாமல் கருவிழி காய்ந்துபோகிறவர்களுக்கு, வேண்டுமென்றே லெவேட்டரில் ஊசி போட்டு இமையை இறக்கி வைப்பதும் உண்டு. ஒருவருக்குப் பக்க விளைவாக இருப்பது இன்னொருவருக்குச் சிகிச்சை.

நம் ஊரில் இந்த அறிகுறிக்கு இன்னொரு வாசல் இருக்கிறது. கட்டுவிரியன் தீண்டினால் கடிவாயில் வலியோ வீக்கமோ பெரிதாகத் தெரியாது. தரையில் படுத்துத் தூங்கியவர் எழும்போது, கண்ணைத் திறக்க முடியவில்லை என்பார். நல்லபாம்பு கடித்தாலும் இமை கனக்கும். நரம்பு நஞ்சு ஏறுவதன் முதல் அடையாளங்களில் ஒன்று இது என்பதால், பாம்புக்கடி என்று வந்தவரை மேலே பார்க்கச் சொல்லி டாக்டர் இமையைக் கவனிப்பார். கண் சொருகுது என்று வீட்டில் சொல்வது பல நேரம் இதைத்தான். ஆனால் தூக்கத்திலும் மயக்கத்திலும் கண் சொருகும் என்பதால் அதைக் கலைச்சொல்லாக எடுத்துக்கொள்ள முடியாது.

அப்படியானால் எதை வைப்பது? இமை என்ற முதல் பாதியை விட வேண்டியதில்லை. பேச்சில் ரெப்பை என்கிறோம், எழுத்தில் இரப்பை என்றும் உண்டு; ஆனால் இமை எல்லா ஊருக்கும் தெரியும். முடியைச் சொல்ல வேண்டுமானால் இமைமயிர் இருக்கிறது. சிக்கலெல்லாம் இரண்டாவது பாதியில்தான்.

விழுதல், வீழ்ச்சி: கிரேக்கத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது. அந்தப் பொருத்தம்தான் ஆபத்து. விழுந்தது தரைக்கு வந்துவிடும். இமை எங்கும் போகவில்லை. தொங்கல் என்றால் ஒரு முனை காற்றில் ஆட வேண்டும். சரிவு என்றதும் மண்ணும் மலையும் நினைவுக்கு வருகின்றன. தளர்ச்சி மோசமில்லை, ஆனால் அது காரணத்தின் பெயர். போடாக்ஸ் விஷயத்தில் தசையைத் தளர்த்தத்தானே காசு கொடுத்தோம்? பலனுக்கும் பக்க விளைவுக்கும் ஒரே சொல் என்றால் படிவம் படிப்பவர் என்ன செய்வார்?

என் தேர்வு தொய்வு. நாடாக் கட்டிலை நினைத்துப் பாருங்கள். நான்கு பக்கமும் சட்டத்தில் கட்டியபடிதான் இருக்கிறது, எதுவும் அறுந்துபோகவில்லை. இழுத்துப் பிடிக்கும் விறைப்புக் குறைந்ததால் நடுவில் மட்டும் இறங்கியிருக்கிறது. மேலிமைக்கும் அதுதான் நிலை. சேர்த்து எழுதும்போது இமைத்தொய்வு என்று வல்லினம் மிகும், யானைத்தந்தம் போல. வாக்கியமாகச் சொன்னால் ‘இமை தொய்ந்தது’. அங்கே இமை எழுவாய், ஒற்று வராது.

இதன் பக்கத்திலேயே இன்னொரு சொல்லும் தேவை. நெற்றித் தசையில் மருந்து அதிகமாகிவிட்டால் புருவமே கீழே இறங்கி இமைமேல் கனமாக உட்காரும். பார்க்க ஒன்றுபோல இருந்தாலும் இது வேறு. இதைப் புருவ இறக்கம் எனலாம். கண்ணாடி முன் நின்று கட்டைவிரலால் புருவத்தைப் பழைய இடத்துக்கு மெல்லத் தூக்குங்கள். கண் முன்போலத் திறந்துகொண்டால் சிக்கல் பெரும்பாலும் புருவத்தில். புருவம் மேலே போன பிறகும் இமை விளிம்பு கருவிழியை மறைத்தபடியே நின்றால் அது இமைத்தொய்வு. தொய்ந்த கண்ணின் பக்கம் நெற்றி தானாகவே சுருங்கிப் புருவத்தை ஏற்றப் பார்க்கும். சுருக்கத்தைப் போக்கப் போன இடத்தில் இப்படி ஒரு கூத்து.

ஊசியால் வரும் தொய்வு சில நாளிலிருந்து இரண்டு வாரத்துக்குள் தெரியும். பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும், சிலருக்கு ஓரிரு மாதம் இழுக்கும். அதுவரை முல்லர் தசையைத் தூண்டும் அப்ராகுளோனிடின் சொட்டு மருந்தை மருத்துவர் தருவதுண்டு. ஓரிரு மில்லிமீட்டர் உயர்த்தும், அவ்வளவுதான். ஊசிக்குப் பின் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் என்றால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசியே போடாமல் திடீரென்று ஒரு இமை இறங்கி, இரட்டையாகத் தெரிந்து, தலையும் வலித்தால் அதற்கும் காத்திருக்கக் கூடாது.

அக்காவுக்கு அந்த வரியை மாற்றி எழுதி அனுப்பினேன்: “இமைத்தொய்வு: மேலிமை தற்காலிகமாகக் கீழிறங்கி, கண் பாதி மூடியதுபோல் இருக்கும். இமைமயிர் உதிராது.” கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது.

“தொய்வுன்னா நம்ம பெரியப்பா கட்டில் மாதிரியா?”

“அதேதான்.”

“அது தொஞ்சு பத்து வருஷமாச்சுடி. யாரும் இழுத்துக் கட்டலையே.”

“இது தானா ஏறிக்கும்க்கா. நரம்பு மறுபடி வேலை செய்ய ஆரம்பிச்சதும் சரியாகிடும்.”

“அப்போ கோடும் திரும்பி வந்துடுமா?”

“வரும். மூணு நாலு மாசத்துல.”

அதற்கப்புறம் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. படிவம் இன்னும் கையெழுத்தில்லாமல்தான் கிடக்கிறதாம்.