உறைக்குள் மறுபடி முளைக்கும் சுரப்பி

மதுரைப் பக்கம் தோப்பூர், ஆஸ்டின்பட்டி என்றாலே காசநோய் மருத்துவமனைதான் பலருக்கு நினைவு வரும். காசநோய் என்றால் நுரையீரல் என்று முடிவுகட்டிவிடுகிறோம். அந்தக் கிருமி இரத்தத்தின் வழியே வேறு இடங்களுக்கும் போகும். அவற்றுள் ஒன்று, சிறுநீரகங்களின் உச்சியில் இருக்கும் அட்ரினல் சுரப்பி; எடை சுமார் 5 கிராம். இது அழிந்தால் தோல் கருத்து, உடல் தளர்ந்து மெலியும் என்று லண்டன் மருத்துவர் தாமஸ் அடிசன் 1855-இல் எழுதினார். அவர் கண்ட நோயாளிகள் பலருக்குக் காரணம் காசநோய்தான்.

இத்தனைக்கும் இது எளிதில் தோற்கிற சுரப்பி அல்ல. எலிகளில் உள்பகுதியை அகற்றி மேலுறையை மட்டும் விட்டுவைத்தபோது, சில வாரங்களில் புறணி (உறைக்கு அடியில் நடுப்பகுதியைச் சூழ்ந்திருக்கும் பகுதி) மறுபடி வளர்ந்தது. 1930-களிலேயே தெரிந்த விஷயம் இது. அட்ரினலின் சுரக்கும் நடுப்பகுதி மட்டும் திரும்பவில்லை. மரத்தில் பட்டைக்கு அடியில் புதிய கட்டை உருவாவதுபோல, உறையை ஒட்டிப் பிறக்கும் செல்கள் உள்நோக்கி நகர்கின்றன. வெளி அடுக்கில் இருக்கும்போது உப்பின் அளவைக் காக்கும் ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கும் செல்லே, உள்ளே போனதும், நோய்க்காலத்தில் உடலைக் காக்கும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோனைச் சுரக்கத் தொடங்குகிறது.

காய்ச்சல் வந்தால் வெள்ளையணுக்கள் சைட்டோகைன்கள் என்னும் செய்தி மூலக்கூறுகளை வெளியிடுகின்றன. அவற்றில் இன்டர்லூக்கின்-1 மூளையின் ஹைப்போதலாமஸைத் தூண்ட, மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, அட்ரினலைத் தூண்டும் ஏசிடிஎச் ஹார்மோனை அனுப்ப, அட்ரினல் கார்ட்டிசாலைப் பெருக்குகிறது. இன்டர்லூக்கின்-6 இந்தச் சுற்றுவழியோடு நிற்பதில்லை. அட்ரினல் செல்களையே நேராகத் தூண்டவும் வல்லது. சுரப்பியின் செல்களே அதைத் தயாரிக்கவும் செய்கின்றன! பெருகிய கார்ட்டிசால் திரும்பிவந்து சைட்டோகைன் உற்பத்தியை அடக்குகிறது. இந்தக் கடிவாளம் இல்லாவிட்டால் கிருமியைவிட நம் எதிர்ப்புச் சக்தியே நமக்கு அதிகக் கேடு செய்துவிடும்.

காசநோயில் அழற்சி, அதாவது கிருமியோடு எதிர்ப்புச் செல்கள் நடத்தும் போர், ஓய்வதே இல்லை. கிருமியைச் சுற்றி எதிர்ப்புச் செல்கள் கட்டும் முடிச்சுகள் நடுவில் அழுகி, திசுவையே தின்றுவிடுகின்றன. புறணியில் பத்தில் ஒன்பது பங்கு போன பிறகே பெரும்பாலும் அறிகுறி தெரியும். கிருமி ஒழிந்தாலும் சுரப்பு திரும்புவது அரிது. போதாக்குறைக்கு, காசநோய்க்குத் தரும் ரிஃபாம்பிசின் கல்லீரலில் கார்ட்டிசால் சிதைவதை விரைவுபடுத்தும். மருந்தை நிறுத்தக் கூடாது. நோயாளிக்கு மயக்கமும் வாந்தியும் இரத்த அழுத்தக் குறைவும் வந்தால் அட்ரினலையும் மருத்துவர் சந்தேகிக்க வேண்டும்.

மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் ஸ்டீராய்டு மாத்திரையின் கதை வேறு. கார்ட்டிசாலைப் போலவே வேலை செய்யும் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வருவதால் ஏசிடிஎச் குறைந்து, சுரப்பி சுருங்குகிறது. உறையும் அதன் கீழுள்ள செல்களும் அழியாததால் இது மீளக்கூடியது. ஆனால் மாதங்கள் ஆகலாம். அதற்குள் மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் சாதாரணக் காய்ச்சலே உயிருக்கு ஆபத்தாகலாம். மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைப்பது இதற்காகத்தான்.