திரைவாசிப்பான் எதைப் படிக்கிறது?

ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் பார்வையற்றவர். கணினித் திரையில் உள்ளதைக் குரலாக்கித் தரும் மென்பொருள்கள் சாதாரண மாணவர்களால் வாங்க இயலாத விலைக்கு விற்கப்பட்ட காலத்தில், 2006-ஆம் ஆண்டில், அவர் என்.வி.டி.ஏ. என்னும் திரைவாசிப்பானை எழுதத் தொடங்கினார். அவரைப் போலவே பார்வையற்றவரான நண்பர் ஜேம்ஸ் டே பின்னர் அப்பணியில் இணைந்தார். விண்டோஸ் கணினிகளில் இயங்கும் இம்மென்பொருள் இன்றும் இலவசமாகவே கிடைக்கிறது; அதன் மூல நிரலும் எவரும் பார்த்துத் திருத்தக்கூடியதாகத் திறந்தே இருக்கிறது. ஒரு பென் டிரைவில் வைத்துக்கொண்டால், கணினியில் எதையும் நிறுவாமலேயே பள்ளி ஆய்வகத்திலும் இணைய மையத்திலும் இதை இயக்கலாம். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் டாக்பேக் என்னும் திரைவாசிப்பான் வாங்கும்போதே அமைந்திருக்கிறது. ஆகவே கருவியின் விலை இன்று முதன்மைத் தடையாக இல்லை. தமிழ்வழியில் படிக்கும் ஒரு மாணவருக்கு இக்கருவி பயன்படுமா, படாதா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அவருக்குத் தரப்படும் பாடக் குறிப்பு எவ்வாறு தட்டச்சு செய்யப்பட்டது என்பதே.

திரைவாசிப்பான் திரையை 'பார்த்து' எழுத்துகளை அடையாளம் காண்கிறது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் அது வழக்கமாகத் திரையின் படத்தை நாடுவதில்லை. உலாவியும் சொற்செயலியும் தம்மிடம் உள்ள தலைப்பு, பத்தி, பொத்தான், அட்டவணை, இணைப்பு ஆகியவற்றை ஒரு கிளைப்பட்டியலாக இயங்குதளத்திற்குத் தெரிவிக்கின்றன; திரைவாசிப்பான் அந்தப் பட்டியலைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றின் பெயரையும் வகையையும் சொல்கிறது. ஓர் இணையப் பக்கத்தில் எச் விசையை அழுத்தியவுடன் அடுத்த தலைப்புக்குத் தாவ முடிவது இதனால்தான். ஆசிரியர் ஒரு வரியைத் தடித்த எழுத்தாக்கிப் பெரிதாக்கிவிட்டால் கண்ணுக்கு அது தலைப்பாகத் தெரியும். கிளைப்பட்டியலில் அது மற்றுமொரு பத்திதான். அதே வரிக்குச் சொற்செயலியின் தலைப்புப் பாணியைக் கொடுத்திருந்தால், நாற்பது பக்கக் குறிப்பில் மூன்றாம் பாடத்தை மாணவர் சில நொடிகளில் அடைந்துவிடுவார். படத்துக்கும் இதுவே விதி: விளக்க வரி எழுதப்படாத இதயத்தின் வரைபடம், திரைவாசிப்பானைப் பொறுத்தவரை ஒரு 'படம்' மட்டுமே.

உரை கிடைத்த பிறகு அதை ஒலியாக்கும் வேலை தொடங்குகிறது. தமிழுக்கு இது எளிதானது போலத் தோன்றினாலும், ஒரே எழுத்து இடத்துக்கேற்ப ஒலிமாறும் மொழி நம்முடையது. 'கல்' என்பதில் வல்லொலியாக வரும் ககரம், 'தங்கம்' என்பதில் மெல்லினத்தை அடுத்து அதிர்வுடன் ஒலிக்கிறது. 'அகம்' என்பதில் மேலும் தளர்கிறது. 'பக்கம்' என்று இரட்டிக்கும்போது மீண்டும் வல்லொலியாகிறது. இந்த விதிகளை மென்பொருளுக்குச் சொல்லித்தர முடியும், ஏனெனில் அவை ஒழுங்கானவை. இடர்ப்படுத்துபவை பிறமொழிச் சொற்கள். அறிவியல் பாடத்தில் வரும் 'காமா கதிர்', 'பீட்டா கதிர்' ஆகியவை சொல்லின் முதலிலேயே அதிர்வொலியுடன் தொடங்க வேண்டியவை; விதிப்படி படித்தால் தவறாகவே ஒலிக்கும். அவற்றுக்கு விலக்குப் பட்டியல் ஒன்று தேவைப்படுகிறது. '1947' என்னும் நான்கு இலக்கங்களை 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு' என்று விரிப்பதும் இந்தக் கட்டத்தில்தான் நடக்கிறது.

என்.வி.டி.ஏ.வுடன் இணைந்தே வரும் ஈஸ்பீக் என்.ஜி. என்னும் குரலாக்கி, உயிரொலிகளுக்கு மனிதக் குரலின் பதிவைப் பயன்படுத்துவதில்லை. நாம் பேசும்போது தொண்டையும் வாயும் சேர்ந்த குழாய் சில அதிர்வெண்களை மட்டும் மிகைப்படுத்துகிறது. அந்த மிகைகள் எங்கே விழுகின்றன என்பதே ஓர் உயிரெழுத்தை இன்னதென்று காட்டுகிறது. வயது வந்த ஓர் ஆணின் குரலில் 'ஆ' ஒலிக்கு முதல் மிகை ஏறத்தாழ 700 ஹெர்ட்சிலும், 'ஈ' ஒலிக்கு ஏறத்தாழ 300 ஹெர்ட்சிலும் அமைகிறது. இரண்டாம் மிகை 'ஆ'வுக்கு 1,200-ஐ ஒட்டியும் 'ஈ'க்கு 2,300-ஐ ஒட்டியும் வருகிறது. ஈஸ்பீக் இத்தகைய எண்களைக் கொண்டே உயிரொலிகளைக் கணக்கிட்டு உருவாக்குகிறது. அதனால் குரல் இயந்திரத்தனமாக இருக்கிறது என்பது உண்மை. ஆனால் அது சில மெகாபைட்டுக்குள் அடங்குகிறது, பழைய கணினியிலும் தாமதமின்றிப் பேசுகிறது, மிக விரைவாக ஓடவிட்டாலும் தெளிவு குலைவதில்லை. பழகிய பயனர்கள் சாதாரணப் பேச்சைவிடப் பல மடங்கு வேகத்தில் கேட்பவர்கள். இனிமையைவிட அந்தத் தெளிவே அவர்களுக்கு முக்கியம். கதை கேட்க விரும்பும் சிறு குழந்தைக்கு இது பொருந்தாது. அதற்கு, உண்மையான பேச்சின் பதிவுகளிலிருந்து பயிற்றுவிக்கப்பட்ட குரல்கள் உள்ளன. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ஹேமா மூர்த்தியின் தலைமையில் இந்திய மொழிகளுக்காக நடந்த குரலாக்கப் பணி இவ்வகையில் குறிப்பிடத்தக்கது.

இவ்வளவும் சரியாக இயங்கும் கணினியில், ஆசிரியர் அன்போடு அனுப்பிய பாடக் குறிப்பைத் திறந்ததும் பொருளற்ற ஆங்கில எழுத்துகள் ஒலிக்கக்கூடும். அதன் காரணம் எழுத்துருவில் இருக்கிறது. கணினி ஒவ்வோர் எழுத்தையும் ஓர் எண்ணாகவே சேமிக்கிறது. பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் எண்களைக் கடன் வாங்கி, அவற்றின் வடிவத்தை மட்டும் தமிழாக மாற்றின. அவற்றில் 'அம்மா' என்று தட்டச்சிட்டால், கோப்பில் சேமிக்கப்படுவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்னும் ஐந்து குறிகள். கண்ணுக்கு அம்மா தெரிகிறாள். கோப்புக்குள் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. திரைவாசிப்பான் வடிவத்தைப் பார்ப்பதில்லை என்பதால், அது அந்த ஐந்து குறிகளையே படிக்க முயல்கிறது.

வரிசைச் சிக்கலும் உண்டு. 'கொ' என்பதைப் பழைய முறையில் ஒற்றைக்கொம்பு, ககரம், துணைக்கால் என்று கண்ணில் படும் வரிசையிலேயே அடித்தார்கள். யூனிகோடு முறையிலோ முதலில் ககரம், அதன் பின் ஒகரக் குறி என ஒலியின் வரிசையில் சேமிக்கப்படுகிறது; தமிழ் எழுத்துகளுக்கு அதில் வேறெந்த மொழியும் பங்கு கேட்காத தனி எண்கள் உள்ளன. தமிழ்நாடு அரசு 2010-இல் யூனிகோடைத் தர முறையாக ஏற்றது. ஆயினும் அச்சகங்களிலும் தட்டச்சு நிலையங்களிலும், இலங்கையிலும் தமிழ்நாட்டிலும், பழைய எழுத்துருக்களின் பழக்கம் நெடுங்காலம் நீடித்திருக்கிறது. பழைய கோப்புகளை யூனிகோடாக மாற்றும் இலவச மாற்றிகள் இணையத்தில் உண்டு. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் வேலை சில நிமிடங்களில் முடியும். எனவே வினாத்தாள் தயாரிக்கும் எவரும் யூனிகோடில் தட்டச்சிட மறுப்பதற்கு இன்று நியாயமான காரணம் எதுவும் இருப்பதாக நான் கருதவில்லை.

பக்கங்களைக் கைப்பேசியில் படமெடுத்து அனுப்புவது இன்னொரு பெருந்தடை. அங்கே எழுத்தே இல்லை, ஒளியும் நிழலும்தான். அதிலிருந்து எழுத்தை மீட்பதற்கு ஓ.சி.ஆர். மென்பொருள் வேண்டும். 1980-களில் எச்.பி. நிறுவனத்தின் ஆய்வகத்தில் தொடங்கப்பட்டு 2005-இல் திறந்த மூலமாக வெளியிடப்பட்ட டெசராக்ட் தமிழையும் அறியும். தெளிவாக அச்சான, ஒரே பத்தியாக ஓடும் உரையை அது நன்றாகவே மீட்கிறது. இரு பத்திகளாகப் பிரிந்த பக்கம், கணிதச் சமன்பாடு, அட்டவணை ஆகியவற்றில் தடுமாறுகிறது. மீட்ட உரையை ஒருவர் படித்துத் திருத்தாமல் மாணவரிடம் கொடுப்பது சரியல்ல.

டிஸ்லெக்ஸியா என்னும் வாசிப்புக் குறைபாடு உள்ள மாணவருக்கும் இதே குரலாக்கி உதவுகிறது, ஆனால் வேறு வழியில். அவருக்குக் கண் தெரிகிறது. எழுத்தை ஒலியோடு பிணைப்பதிலேயே உழைப்பு முழுவதும் கரைந்துவிடுகிறது. படிக்கப்படும் சொல் அதே கணத்தில் வண்ணத்தால் சுட்டப்பட்டால், காதும் கண்ணும் ஒரே சொல்லில் நிற்கின்றன. மிச்சமாகும் உழைப்பு பொருளை உணர்வதற்குப் போகிறது. இம்மாணவர்களுக்கென்றே வடிவமைக்கப்பட்டதாகச் சொல்லப்படும் சிறப்பு எழுத்துருக்களுக்கு ஆய்வு ஆதரவு வலுவாக இல்லை. எழுத்து இடைவெளிக்கு அதைவிட நல்ல சான்று உண்டு: இத்தாலிய, பிரெஞ்சுக் குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில், எழுத்துகளைச் சற்று அகலப் பிரித்தபோது வேகம் கூடியது, பிழை குறைந்தது. தமிழில் இதை அப்படியே செய்தால் சில மென்பொருள்களில் கொம்பு ஓரிடமும் மெய் ஓரிடமுமாக விலகி நிற்கும். ஆகையால் வரி இடைவெளியையும் சொல் இடைவெளியையும் கூட்டிப் பார்ப்பதே பாதுகாப்பானது. அட்டையில் ஒரு வரி அளவுக்குச் சாளரம் வெட்டி, மற்ற வரிகளை மறைத்துக்கொண்டு படிப்பதற்கு எந்தச் செலவும் இல்லை.

குரல் ஒன்றையே நம்புவதிலும் இழப்பு உண்டு. நகரமும் னகரமும், பலருடைய பேச்சில் ரகரமும் றகரமும், காதுக்கு ஒன்றேபோல் விழுகின்றன. 'அரம்', 'அறம்' இரண்டையும் கேட்டு மட்டுமே அறிந்தவர் எழுத நேரும்போது தடுமாறுவது இயல்பு. அதனால்தான் பார்வையற்ற குழந்தைக்குப் பிரெயில் இன்றும் இன்றியமையாதது. ஆறு புள்ளிகளால் அமைந்த பாரதி பிரெயில் 1951 முதல் இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வழங்குகிறது. புள்ளிகள் எழுந்து தாழும் மின்னணுப் பிரெயில் கருவி விலை மிக்கதுதான். ஆனால் பிரெயில் பலகையும் எழுத்தாணியும் மலிவானவை. பிரெயில் இல்லாத வேளையில், என்.வி.டி.ஏ.வில் இட, வல அம்பு விசைகளால் சொல்லை எழுத்தெழுத்தாகக் கேட்கும் பழக்கம் ஓரளவு ஈடுசெய்யும்.

சட்டமும் இப்போது தடையாக இல்லை. அச்சைப் படிக்க இயலாதவர்களுக்காகப் பாடநூலை அணுகத்தக்க வடிவுக்கு மாற்ற, இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 2012-ஆம் ஆண்டுத் திருத்தம் இடமளிக்கிறது. இதே நோக்கத்துக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-இல் முதலில் உறுதிசெய்த நாடு இந்தியா. அவ்வாறு மாற்றப்பட்ட நூல்களைத் தரும் சுகம்ய புஸ்தகாலயா என்னும் இணைய நூலகம் 2016-இல் தொடங்கப்பட்டது.

வகுப்புக் குறிப்புகளை மட்டும் எந்த நூலகமும் மாற்றித் தராது. அவை ஆசிரியரின் கணினியிலிருந்தே சரியாகப் புறப்பட வேண்டும். அனுப்புமுன் பி.டி.எஃப். கோப்பைத் திறந்து, கண்முன் தெரியும் ஒரு தமிழ்ச் சொல்லை யூனிகோடில் தட்டச்சிட்டுத் தேடுங்கள். கோப்பு அதைக் கண்டுபிடிக்காவிட்டால், திரைவாசிப்பானாலும் அதைப் படிக்க இயலாது. கண்டுபிடித்தாலும், 'கொ', 'கோ', 'கை' போன்ற எழுத்துகள் உள்ள ஒரு வரியை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள், பி.டி.எஃப். வடிவம் எழுத்தின் உருவங்களை முதன்மையாகச் சேமிப்பதால், யூனிகோடில் தட்டச்சிட்டதுகூட மாற்றத்தின்போது கொம்பும் காலும் இடம் மாறிச் சிதறலாம். அப்படிச் சிதறியிருந்தால், பி.டி.எஃப்.-உடன் மூலச் சொற்செயலிக் கோப்பையும் சேர்த்தே அனுப்புங்கள்.